வெள்ளித் தட்டில் குலச்சின்னம்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுவொருவர் தம் விருந்தினர் முன் வைத்த வெள்ளித் தட்டொன்றைக் கையிலெடுத்துப் பார்ப்பவர், அதில் மூன்று வகையான குறிகளைக் காணக்கூடும். தட்டின் அடிப்புறத்தில், சிறுவிரல் நகத்தினும் சிறியனவாய், நான்கைந்து முத்திரைகள் அடிக்கப்பட்டிருக்கும். அவை சட்டத்தின்படி இடப்பட்டவை. அவற்றின் அயலிலே ஊசிமுனையாற் கீறியவை போலச் சில இலக்கங்கள் இருக்கும். அவை அத்தட்டின் நிறையைக் கூறுவன. தட்டின் முகப்பிலோ, விளிம்பையொட்டி, ஒரு கேடயமும் அதன்மேல் ஒரு விலங்கோ பறவையோ நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதுவே உடையவரின் குலச்சின்னம். முதலாவது குறி வெள்ளியின் மாற்றைச் சொல்கிறது. இரண்டாவது அதன் பெறுமதியைச் சொல்கிறது. மூன்றாவது குறியொன்றே மனிதரைப் பற்றிப் பேசுகிறது. மூன்றினுள்ளும் எளிதிற் பகைக்கு ஆளாவதும் அதுவே.

இங்கிலாந்தில் வெள்ளிப் பாத்திரம் நெடுங்காலமாக வீட்டின் பொக்கிஷமாகவும் விளங்கிற்று. வங்கிகள் பரவாத காலத்தில், செல்வர் தம் பணத்தைத் தட்டாகவும் கிண்ணமாகவும் விளக்குத்தண்டாகவும் ஆக்கி வைத்துக்கொண்டனர். பாத்திர வெள்ளியும் நாணய வெள்ளியும் பெரும்பாலும் ஒரே மாற்றுடையன. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி, எஞ்சியது செம்பு. 'ஸ்டேர்லிங்' என்று உலகறிந்த தரம் இதுவே. 1601 முதல் 1816 வரை, இவ்வெள்ளியில் ஒரு டிரோய் இறாத்தலிலிருந்து, அதாவது 12 அவுன்ஸிலிருந்து, 62 சிலிங் நாணயம் அடிக்கப்பட்டது. ஆகவே ஓர் அவுன்ஸ் 5 சிலிங் 2 பென்ஸ் ஆகும். 20 அவுன்ஸ் நிறையுள்ள தட்டில் உணவருந்தியவர், நாணயக் கணக்கில் ஐந்து பவுணுக்குச் சற்று மேற்பட்ட பணத்தின்மீது இறைச்சியை வெட்டித் தின்றார் என்று சொல்லிவிடலாம். பாத்திரத்தின் அடியில் நிறையைக் கீறி வைத்ததற்கும் காரணம் இதுவே. வேலையாள் எவனேனும் ஓரத்தைச் சுரண்டினானா, தட்டை மாற்றி வைத்தானா என்பதைத் தராசு காட்டிக் கொடுக்கும்.

பணமாகவே கருதப்பட்ட பொருளுக்குப் பணத்தின் விதியும் உண்டு. பாணி மாறினாற் பழைய கிண்ணம் மூசைக்குப் போயிற்று. மகளுக்குச் சீதனம் வேண்டினும் சூதாட்டத்திற் கடன் ஏறினும் அதே வழிதான். யாவற்றினும் பெரிய அழிவு உள்நாட்டுப் போரால் வந்தது. 1642இல் முதலாம் சார்ள்ஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, இலண்டன் மக்கள் தம் வெள்ளியைப் பாராளுமன்றத்தின் காலடியிற் குவித்தனர். பெண்கள் தையலுக்கு விரலில் அணியும் பூணையும் கொண்டையூசியையும் கூடக் கொடுத்தனர். மன்னர் பக்கத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகக் கல்லூரிகள் இருந்தன. 1643இன் தொடக்கத்தில் அவர் அக்கல்லூரிகளின் வெள்ளியைக் கடனாகக் கேட்டு, திருப்பித் தருவதாகவும் வாக்களித்தார். 'நியூ இன் ஹோல்' என்னும் கட்டடத்தில் நாணயசாலை அமைந்தது. நன்கொடையாளரும் பழைய மாணவரும் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சின்னத்தைப் பொறித்துக் கொடுத்திருந்த கிண்ணங்களும் குவளைகளும் அங்கே உருகிப் படைவீரர் சம்பளமாயின. கடன் திரும்பி வரவில்லை. கோப்பஸ் கிறிஸ்டி கல்லூரியோ தன் பழைய வெள்ளியை எவ்வாறோ காத்துக்கொண்டது. அதைத் தாபித்த றிச்சட் பொக்ஸ் ஆயரின் பொருள்கள் இன்றும் அங்கே உள்ளன.

போருக்கு முற்பட்ட ஆங்கில வெள்ளியைப் பெருந்தொகையாகக் காண விரும்புவோர், வியப்பான வகையில், மொஸ்கோவுக்குப் போகவேண்டும். ஆங்கில மன்னரும் வணிகரும் ருஷ்யச் சார் மன்னர்களுக்குக் காணிக்கையாக அனுப்பிய பெரும் பாத்திரங்கள் கிரெம்ளின் மாளிகையின் படைக்கலசாலையிற் பத்திரமாக இருக்கின்றன. தாய்நாட்டில் நின்றவை நாணயமாயின. அயலான் வீட்டுக்குப் போனவை பிழைத்தன.

அடிப்புறத்து முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னரின் சட்டம் வெள்ளியின் மாற்றை நிலைநாட்டிச் சிறுத்தைத் தலை முத்திரையை விதித்தது. 1363இல் ஒவ்வொரு கொல்லனும் தன் குறியை இடவேண்டும் என்றாயிற்று. 1478 முதல் ஆண்டைக் காட்டும் எழுத்து சேர்ந்தது; 1544இல் நடக்கும் சிங்கம் சேர்ந்தது. இலண்டன் பொற்கொல்லர் கழகத்தின் மண்டபத்திலே மாற்றுப் பார்த்து இம்முத்திரைகள் அடிக்கப்பட்டன. நாணயங்களை வெட்டியும் உருக்கியும் பாத்திரமாக்கும் வழக்கம் மிகுந்தபோது, அதைத் தடுப்பதற்காக 1697இற் பாத்திர வெள்ளியின் தரத்தை ஆயிரத்துக்கு 958 என உயர்த்தினர். 1720இற் பழைய தரம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரியும் வந்தது. வரி வந்தால் வரியைத் தப்பும் வித்தையும் வருமன்றோ? சிறு துண்டொன்றில் முத்திரையைப் பெற்று, அதைப் பெரும் பாத்திரத்தின் அடியிற் பொருத்திவிடும் தந்திரத்தைப் பேர்பெற்ற கொல்லர் சிலரும் கையாண்டனர்.

முத்திரை எல்லாப் பாத்திரங்களுக்கும் பொது. ஒரே கொல்லன் ஒரே ஆண்டிற் செய்த ஐம்பது தட்டுக்களும் ஒரே முத்திரையையே தாங்கியிருக்கும். 'இது இன்னார் வீட்டுத் தட்டு' என்று சொல்வதற்கு வேறோர் அடையாளம் வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளிற் பித்தளைச் செம்பிலும் அண்டாவிலும் உடையவர் பெயரின் முதலெழுத்தை வெட்டுவித்தது எதற்கோ, ஆங்கிலச் செல்வர் குலச்சின்னத்தைப் பொறித்ததற்கும் முதற் காரணம் அதுவே. வெள்ளி களவு போனால், இன்ன சின்னம் பொறித்த இத்தனை தட்டுக்கள் காணாமற்போயின என்று 'இலண்டன் கசற்' பத்திரிகையில் விளம்பரம் வெளிவரும். அடகுக்கோ விற்பனைக்கோ அப்பொருள் வந்தால் கொல்லன் கண்டுகொள்வான். கள்வன் செய்யவேண்டிய முதல் வேலை சின்னத்தைச் சுரண்டுவது, அல்லது பாத்திரத்தையே உருக்குவது.

அரச சின்னம் பொறித்த பாத்திரமெல்லாம் அரண்மனை மேசையில் இருந்தவை என்று எண்ணிவிடலாகாது. அயல்நாடு செல்லும் தூதருக்கு அரச பொக்கிஷத்திலிருந்து வெள்ளி வழங்குவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெருந்தூதர் ஒருவருக்கு ஏறக்குறைய 6,000 அவுன்ஸ் வெண்ணிற வெள்ளியும், 1,000 அவுன்ஸ் பொன் முலாமிட்ட வெள்ளியும் கிடைத்தன. பதவி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஏட்டிலே இருந்த விதி; பலர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அரசரின் சின்னம் மேலே, தூதரின் குடும்பச் செல்வம் உள்ளே என்றாயிற்று.

இனிச் சின்னத்தை வாசிக்கும் முறைக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் வீரர் முகத்தை மறைக்கும் இரும்புக் கவசம் பூண்டு திரிந்த ஐரோப்பாவில், கேடயத்தின்மீது தீட்டிய உருவமே ஆளை அறிய உதவிற்று. அது மெல்ல மெல்லத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும் உடைமையாயிற்று. நடுவிற் கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்தின் உச்சியில் முடிச்சின்னம், கீழே குலவாக்கு. உயர்குடிப் பிரபுக்களுக்கு இருமருங்கும் நின்று கேடயத்தைத் தாங்கும் விலங்குகளோ மனிதரோ உண்டு. இங்கிலாந்தில் இவ்வுரிமையைக் கண்காணிக்க 1484இல் மூன்றாம் றிச்சட் மன்னர் ஒரு கழகத்துக்குச் சாசனம் வழங்கினார். 1530 முதல் 1688 வரை அதன் அதிகாரிகள் நாடு முழுவதும் சுற்றி, உரிமையின்றிச் சின்னம் தரித்தோரை விசாரித்தனர். சன்னற் கண்ணாடியிலும் கல்லறையிலும் மட்டுமல்ல, வெள்ளிப் பாத்திரத்திற் கண்டாலும் அதை அழித்துவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது.

சின்னம் ஒரு பெயருக்கு உரியதன்று, ஒரு வம்சத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டைப் பின்னாளிற் பலர் மறந்தனர். 19ஆம் நூற்றாண்டில், பணம் சேர்த்த வணிகர் பலர், தம் பெயரையே உடைய பழைய குடும்பமொன்றின் சின்னத்தைப் புத்தகத்திற் பார்த்துக் கரண்டியிற் பொறித்துக்கொண்டனர். அரசாங்கம் இதிற் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிற்று எனலாம். 1798 முதல் சின்னம் பயன்படுத்துவோர் யாவரும் ஆண்டு வரி செலுத்தவேண்டியிருந்தது. உரிமை உண்டா இல்லையா என்பது வரிக்குத் தடையன்று. 1944ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வரியை நீக்கியது.

கேடயத்தில் நிறமே உயிர். ஒரே சிங்கம் சிவப்பு வயலில் நின்றால் ஒரு குடும்பம், நீல வயலில் நின்றால் வேறொரு குடும்பம். வெள்ளியிலோ நிறம் தீட்ட வழியில்லை. இச்சிக்கலுக்கு ஐரோப்பியர் கண்ட தீர்வு மிக எளியது, மிக அழகியது. 1638இல் உரோம நகரிற் சில்வெஸ்ட்ரோ பியெத்ரா சாந்தா என்னும் இயேசு சபைத் துறவி வெளியிட்ட நூலொன்று, நிறங்களைக் கோடுகளாற் குறிக்கும் முறையைப் பரப்பியது. மேலிருந்து கீழே நேராக இறங்கும் நெருக்கமான கோடுகள் சிவப்பு. கிடையான கோடுகள் நீலம். இரண்டும் குறுக்கும் மறுக்குமாய் ஓடினாற் கறுப்பு. பார்ப்பவரின் இடப்பக்கத்து மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் சரிந்தாற் பச்சை. எதிர்ப்பக்கம் சரிந்தால் ஊதா. சிறு புள்ளிகள் பொன். எதுவும் செதுக்காது விட்ட இடம் வெள்ளி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலச் செதுக்குவேலைக்காரர் இம்முறையைத் தழுவினர். ஒரு முறை இதைப் பயின்ற கண்ணுக்கு வெண்ணிறத் தட்டிலே சிவப்பும் பச்சையும் தானே தோன்றும். கறுப்பெழுத்தை வாசிப்பவர் காதிற் குரல் கேட்பது போன்றது இது.

திருமணத்தையும் கேடயம் கூறும். கணவன் சின்னம் கேடயத்தை ஏந்துவோனின் வலப்பாதியிலும், மனைவியின் தந்தை சின்னம் இடப்பாதியிலும் நிற்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு இது இடம் வலமாக மாறித் தோன்றும். மனைவி சகோதரரில்லாத உரிமைப் பெண்ணாயின், அவள் குலச்சின்னம் கணவன் கேடயத்தின் நடுவே சிறு கேடயமாய் அமரும். அவள் மக்கள் இரு சின்னங்களையும் நாற்கட்டமாய்ப் பிரித்துத் தரிப்பர். மூத்த மைந்தனுக்குத் தந்தை வாழும்வரை மேலே தொங்கலுடைய ஒரு பட்டை, இரண்டாம் மைந்தனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன். பெண் தனித்துத் தரிக்கும் சின்னம் கேடயத்தில் இராது. போர்க்கருவி அவளுக்குரியதன்று என்று கருதி, சாய்சதுரத்தினுள் வைத்தனர். ஒரு தேயிலைக் கேத்தலிற் சாய்சதுரம் காணப்பட்டால், உடையவள் கன்னி அல்லது கைம்பெண் என்று உடனே துணியலாம். இதிற் சட்டமும் கலந்திருக்கிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனைச் சேர்ந்தன. 1882ஆம் ஆண்டுச் சட்டமே அவளுக்குத் தனிச் சொத்துரிமையை முழுமையாக அளித்தது. அதற்கு முன், தன் கேத்தலைத் தன்னதென்று சொல்லத்தக்க பெண் கணவனில்லாதவளே. அந்தச் சிறு சாய்சதுரம் அவள் தனிமையையும் சுதந்திரத்தையும் ஒருங்கே காட்டி நிற்கிறது.

கரண்டி, முள்ளுக்கரண்டி போன்ற சிறு பொருள்களிற் கேடயம் முழுவதையும் செதுக்க இடம் போதாது. அவற்றில் முடிச்சின்னம் மட்டும் இடம்பெறும். முடிச்சின்னங்களுள் மிக விநோதமானது பிட்ஸ்ஜெரல்ட் குடும்பத்தாருடையது எனலாம்; அது இடுப்பிற் பட்டையும் சங்கிலியும் பூண்ட ஒரு குரங்கு. அயர்லாந்திலிருந்த அவர்கள் கோட்டையிலே தீப்பற்றியபோது, தொட்டிலிற் கிடந்த குழந்தையை எல்லாரும் மறந்துவிட, வளர்ப்புக் குரங்கு தூக்கிச் சென்று காத்ததாம். அக்குழந்தையே பின்னர் கில்டெயர் பிரபுவானான். நன்றி மறவாது குரங்கைத் தன் தலைமேல் வைத்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. அவ்வம்சத்தில் வந்த 20ஆவது கில்டெயர் பிரபு ஜேம்ஸ் பிட்ஸ்ஜெரல்ட், 1745க்கும் 1747க்கும் இடையில், இலண்டன் வெள்ளிக் கொல்லர் ஜோர்ஜ் விக்ஸிடம் ஒரு பெரும் விருந்துத் தொகுதியைச் செய்வித்தார். அக்காலத்திலேயே டப்ளின் நகரில் அவர் மாளிகையும் எழுந்துகொண்டிருந்தது. அம்மாளிகை பிற்காலத்தில் அயர்லாந்தின் பாராளுமன்றமாயிற்று. 1766இல் அவர் லின்ஸ்டர் கோமகனானார். விக்ஸின் கணக்கேடுகள் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையைச் சேர்ந்துள்ளன. வெள்ளியின் நிறை, செய்கூலி, சின்னம் செதுக்கிய கூலி என்பன அவற்றிற் பதிவாகியுள்ளன. வெள்ளை வயலிற் சிவந்த பெருக்கற்குறி போன்ற சிலுவையை உடைய கேடயமும் குரங்கும் கொண்ட அத்தொகுதியில் 240 அளவிலான பொருள்கள் சிதறாது ஒன்றாய் நிலைத்தன. 2012இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது அது 17 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று.

சின்னத்தைச் செதுக்கியவன் பெரும்பாலும் பாத்திரம் செய்தவன் அல்லன். அது தனித்தொழில். மணல் நிரப்பிய தோல் மெத்தையிற் பாத்திரத்தை வைத்து, உள்ளங்கையிற் பிடியை அமுக்கி, எஃகுச் சிற்றுளியை முன்னே தள்ளுவான். வளைகோடு வேண்டிய இடத்தில் உளியைத் திருப்பாமற் பாத்திரத்தையே மெத்தைமேற் சுழற்றுவான். உளி செல்லும் வழியெல்லாம் மயிரிழை போன்ற வெள்ளிச் சுருள் எழும். கை தவறினால் அதை மறைப்பது எளிதன்று. இத்தனை நுட்பத்துக்கும் அவன் பெயர் பாத்திரத்தில் இராது. கொல்லனுக்குச் சட்டப்படி முத்திரை உண்டு, செதுக்கியவனுக்கு இல்லை. 1685இற் பிரான்சில் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமை பறிக்கப்பட்டபோது, அதற்குச் சற்று முன்னும் பின்னும், அகதிகளாய் வந்த கைவினைஞர் பலர் இலண்டன் வெள்ளி வேலைக்குப் புத்துயிர் அளித்தனர். புளுவா நகரிற் பிறந்த சைமன் கிரிபெலின் அவர்களுட் சிறந்த செதுக்குநர். அத்தகைய அகதிக் குடும்பத்திற் பிறந்த போல் டி லமெரி, 1713இற் தம் குறியைப் பதிந்து, அந்நூற்றாண்டின் தலைசிறந்த வெள்ளிக் கொல்லர் எனப் பெயர் பெற்றார்.

பெயரில்லாத செதுக்குநர் கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் உலகப் புகழ் பெற்றார். அவர் ஓவியர் வில்லியம் ஹோகார்த். ஏறக்குறைய 1714இல், எலிஸ் கம்பிள் என்பவரிடம் வெள்ளியிற் சின்னம் செதுக்கும் தொழில் பயிலச் சேர்ந்தார். வாலைச் சுழற்றி நாக்கை நீட்டும் அதே சிங்கத்தையும் பறவைநாகத்தையும் நாள்தோறும் செதுக்குவது அவருக்குச் சலித்துப்போயிற்று. தெருவில் நடமாடும் உயிருள்ள மனிதரை வரையவே அவர் உள்ளம் அவாவிற்று. 1720இல் அவர் தனித்தொழில் தொடங்கினார். எனினும் அவர் கைவேலை என்று அறிஞர் கருதும் ஒரு வெள்ளித் தாம்பாளம் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. 1727இல் முதலாம் ஜோர்ஜ் மன்னர் இறந்ததும், அவர் காலத்துத் திறைசேரி முத்திரை பயனற்றுப் போயிற்று. அத்தகைய முத்திரையின் வெள்ளி, பதவியிலிருப்பவருக்கு உரிய வரும்படி. அன்று நிதியமைச்சராயிருந்தவர் சேர் ரொபேட் வால்போல். அவர் அம்முத்திரை வெள்ளியை லமெரியிடம் கொடுத்து, 1728-29இற் சதுரத் தாம்பாளமாக்குவித்தார். அதன் நடுவே, உருகிப்போன முத்திரையின் இரு பக்கங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஹெர்க்குலிஸ் அவற்றைத் தாங்கி நிற்கிறான், பின்னணியில் இலண்டன் மாநகர் தெரிகிறது. மூசைக்குள் மறைந்த உருவத்தையே அதன் வெள்ளியின்மீது மீண்டும் வரைந்து வைத்த விந்தை இது.

கேடயத்தைச் சூழ்ந்த அலங்காரமும் காலத்தைச் சொல்லும். இரண்டாம் சார்ள்ஸ் காலத்தில், கேடயத்தின் இருபுறமும் இறகுக் கொத்துக்கள் படர்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டடச் சிற்பம் போன்ற, இருபக்கமும் ஒத்த சட்டம் வந்தது. செதிலும் செங்கல் வரிசையும் மனித முகமும் அதில் விளங்கின. 1735 அளவில் அந்த ஒழுங்கு குலைந்து, சிப்பியும் சுருளும் ஒரு பக்கம் சாய்ந்தாடின. 1770க்குப் பின் மண்வெட்டி வடிவக் கேடயமும், அதைச் சுற்றித் தொங்கும் மெல்லிய மாலையும் வந்தன. கரண்டியில் இன்னொரு குறிப்புண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கரண்டியைக் குப்புற வைத்தே மேசையை அலங்கரித்தனர். ஆதலின் முடிச்சின்னம் காம்பின் பின்புறத்தில் இருக்கும். 1760 அளவிற் கரண்டியை மல்லாத்தி வைக்கும் வழக்கம் வந்தது. சின்னமும் முன்புறத்துக்கு வந்துவிட்டது.

சின்னத்தின் பகைவருள் முதல்வன் மூசையென்றால், இரண்டாமவன் சுரண்டும் கருவி. குடும்பம் நொடித்து வெள்ளி கைமாறும்போது, வாங்கியவருக்குப் பிறர் சின்னம் உவப்பதில்லை. விற்றவருக்கும் தம் வறுமை அயலாருக்குத் தெரிவது நாணமாயிருந்தது. ஆகவே சின்னத்தைச் சுரண்டி, மெருகிட்டு, வெறும் இடமாக்கினர். சிலர் அங்கே தம் சின்னத்தைப் பொறித்தனர். புதிய உடையவர் நேர்மையாகத் தம் சின்னத்தைப் பொறித்ததைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதுவும் அப்பாத்திரத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயமே. உயர்ந்த குலமொன்றின் சின்னத்தை விலையை ஏற்றுவதற்காகப் பிற்காலத்திற் செதுக்குவதோ வெறும் மோசடி. நிபுணர் இவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. சுரண்டிய இடம் மெலிந்திருக்கும். பெருவிரலால் அமுக்கினாற் சற்றே உள்வாங்கும். வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தாற் பள்ளம் தெரியும். புதிதாகச் செதுக்கிய கோட்டின் விளிம்பு விரல் நுனிக்குக் கூர்மையாய்த் தட்டும். இருநூறு ஆண்டு துடைத்த கோடு வழுவழுப்பாயிருக்கும். 1720ஆம் ஆண்டு முத்திரையுள்ள தட்டிலே 1780ஆம் ஆண்டுப் பாணிச் சட்டம் இருந்தால், இடையில் யாரோ புகுந்திருக்கிறார் என்பது வெளிப்படை. அடியிற் கீறிய நிறையும் சாட்சி சொல்லும். இன்று நிறுத்துப் பார்த்து வரும் குறைவு, தேய்ந்ததும் சுரண்டியதுமான வெள்ளியே. ஒட்டுவேலை இருக்குமாயின், வாயால் ஊதினாற் போதும். மூச்சின் ஈரம் படரும்போது, பற்றாசு வைத்த விளிம்பு ஒரு கணம் தோன்றி மறையும்.

இந்த மூச்சுப் பரீட்சை ஷெபீல்ட் முலாம் பொருள்களில் வேறொன்றைக் காட்டும். 1743 அளவிற் தோமஸ் போல்சோவர் என்பவர் செம்பின்மேல் வெள்ளித் தகட்டை உருக்கி இணைக்கும் முறையைக் கண்டார். குறைந்த விலையில் வெள்ளி மேசை கிடைத்தது. ஆனால் உளி பட்டாற் செம்பு எட்டிப் பார்த்துவிடும். எனவே சின்னம் பொறிக்கவேண்டிய இடத்தில் மட்டும் தூய வெள்ளித் துண்டொன்றைப் பதித்துத் தேய்த்து மறைத்தனர். பாத்திரம் செம்பாயிருந்தாலும் குலச்சின்னம் வெள்ளியிலேதான் நிற்கவேண்டியிருந்தது.

சின்னத்தை அன்போடு அழிப்பவரும் உண்டு. பெரிய வீடுகளில் வெள்ளியை மெருகிடுவதற்கென்றே வேலையாள் இருந்தனர். செந்தூள் தொட்டுக் கையால் மணிக்கணக்காகத் தேய்ப்பர். ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வெள்ளி போய்விடும். முதலில் மறைவன நிறத்தைக் காட்டும் மெல்லிய கோடுகள். ஆழமான வெளிவரைகள் நெடுநாள் நிற்கும். ஆகவே நன்கு பேணப்பட்ட தட்டிலேதான் சில வேளை நிறம் முற்றாக மறைந்து, சிவப்பு வயலும் நீல வயலும் ஒருங்கே வெண்மையாய் வெளிறிக் கிடக்கின்றன.

மூசையின் பசியும் 17ஆம் நூற்றாண்டோடு அடங்கிவிடவில்லை. 1980 சனவரியில், வெள்ளி விலை அவுன்ஸுக்கு ஏறக்குறைய 50 அமெரிக்க டொலராய் ஏறியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கரண்டிகளையும் தட்டுக்களையும் வைத்திருந்தோர் நிறுத்து விற்றனர், வாங்கியோர் உருக்கினர். எளிய கரண்டித் தொகுதிகளே பெரிதும் அழிந்தன. பெரும் பாத்திரங்களுக்கு நூதனசாலையும் செல்வரும் காவல். ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தின் பன்னிரண்டு கரண்டிகளுக்கு யார் காவல்?

எஞ்சிய கரண்டிகளின் உடையவரை அறிவது பொறுமையான வேலை. முடிச்சின்னங்களுக்கு 1859இல் முதலில் வெளிவந்த பெயர்பேர்ன் நூல் உண்டு. கேடயங்களுக்கு 1874ஆம் ஆண்டைச் சேர்ந்த பப்வேர்த் தொகுதி உண்டு. பப்வேர்த் நூலிற் சிங்கம், கழுகு, சிலுவை என உருவங்களின் வரிசையிலே குடும்பங்கள் அடுக்கப்பட்டிருப்பதால், பெயர் தெரியாத கேடயத்திலிருந்து பெயரை நோக்கிப் போகலாம். முடிச்சின்னத்தில் அவ்வசதி குறைவு. ஒரே சிங்கத் தலையை எத்தனையோ குடும்பங்கள் தரித்தன. கரண்டியில் அத்தலை மட்டும் இருந்தால், நூல் ஒரு நீண்ட பெயர்ப்பட்டியலைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதே வீட்டிலிருந்து, அதே கொல்லன் குறியும் அதே ஆண்டெழுத்தும் தாங்கி, முழுக் கேடயத்தோடு ஒரு தாம்பாளம் எங்கேனும் ஓர் ஏலத்தில் வெளிப்பட்டால் நிலைமை மாறும். கேடயத்தின் ஒரு பாதி கணவன் குலத்தைச் சொல்லும். மறுபாதி மனைவியின் குலத்தைச் சொல்லும். அவ்விரண்டும் கூடிய திருமணம் ஒன்றே ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஊர்க்கோவிற் பதிவேட்டில் அதன் நாளும் அகப்படும். அப்போது, எங்கோ ஒரு பெட்டியிற் பெயரின்றிக் கிடந்த கரண்டிகளுக்கும் வீடும் வீட்டாரும் கிடைத்துவிடுவர்.